திட்டக்குடி பக்கம் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சிறப்பு மருத்துவம் கிடைக்க என்ன வழி?

கேள்வி: "அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. திட்டக்குடியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, பிரஷர். இப்போது பார்வை மங்குகிறது, கால் மரத்துப் போகிறது, கொஞ்சம் நடந்தாலும் மூச்சு வாங்குகிறது. கண்ணுக்கு ஒரு ஊர், இதயத்துக்கு ஒரு ஊர், காலுக்கு ஒரு ஊர் என்று அலைகிறோம். சிறப்பு மருத்துவர்கள் எங்கள் பக்கம் வரவே மாட்டார்களா? நாங்கள் என்ன செய்யலாம், அரசு என்ன செய்ய வேண்டும்?"

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் பொது மருத்துவராக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மற்றதெல்லாம் பேசுவதற்கு முன் ஓர் அவசரம்.

நடந்தால் மூச்சு வாங்குவதை வயதின் களைப்பு என்று விடாதீர்கள். பல ஆண்டுகள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, வாந்தி, காரணம் தெரியாத அசதி, இவைதான் அறிகுறியாக இருக்கும். இந்த வாரமே பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு ஈசிஜி எடுங்கள். திடீரென்று மூச்சு முட்டினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ கார் தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போவது உயிர் காக்கும். அதுபோல வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உங்கள் ஊரிலிருந்து எந்த மருத்துவமனையில் இரவிலும் சிடி ஸ்கேன் ஓடுகிறது என்று இப்போதே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் போய் விசாரிக்க முடியாது.

இனி கேள்விக்கு வருகிறேன்.

இந்த மாவட்டத்தின் பெரிய மருத்துவ வசதிகள் எல்லாம் கிழக்கு ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன. தலைமை மருத்துவமனை கடலூர் மஞ்சக்குப்பத்தில். 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் சுகாதாரத் துறைக்கு மாறி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அது இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரி கோரிமேட்டில். அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில். திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் போய், அங்கிருந்து கடலூர் போய்ச் சேர்வதற்குள் நூறு கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதனால்தான் உங்கள் பக்கத்து மக்கள் மாவட்டத் தலைநகரைவிடப் பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் போகிறார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் சிதம்பரம் கைக்கெட்டும் தூரம். ஒரே மாவட்டம்தான், ஆனால் மருத்துவத்துக்கு இரண்டு மாவட்டம் போல இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 26 லட்சம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களில். மாநிலத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் அந்த ஆண்டு நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2031இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேராக இருப்பார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட ஊர்களில் இந்தப் பங்கு கண்ணுக்கே தெரியும். ஆகவே இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை.

ஆனால் தூரம் மட்டும்தான் தடை என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ பேர் சிரமப்பட்டு ஜிப்மர் வரைக்கும் போய் நல்ல மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் கோளாறு. சிறப்பு மருத்துவர் சொன்னது ஊர் மருத்துவருக்குத் தெரிவதில்லை. ஊர் மருத்துவர் கொடுப்பது சிறப்பு மருத்துவருக்குத் தெரிவதில்லை. இரண்டையும் இணைக்கும் ஆள் யாரும் இல்லை. சிறப்பு மருத்துவரின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்பே சரிசெய்யக்கூடியது இந்த இணைப்பு என்பதுதான் என் கருத்து.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒரு பாட்டி வந்தார். கீழே விழுந்து இடுப்பில் அடி. மஞ்சப்பையைத் திறந்து மேசைமேல் கொட்டச் சொன்னேன். பழைய ஓ.பி. சீட்டுகள், நாலாக மடித்த ஸ்கேன் ரிப்போர்ட், எழுத்தே மறைந்துபோன ஒரு ஈசிஜி தாள் (அந்த வகைத் தாள் சூட்டிலும் வெளிச்சத்திலும் வெளிறிவிடும், எடுத்த அன்றே போனில் படம் பிடித்து வைப்பது நல்லது), கத்தரித்த மாத்திரை அட்டைகள். அந்த அட்டைகளில் இரண்டு, வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே அம்லோடிபின். ஒன்று அரசு கொடுத்தது, இன்னொன்று தனியார் மருத்துவர் எழுதியது. பிரஷருக்கான அந்த மாத்திரை அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த மூன்றாவது மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறார். நீர் அதிகம் பிரிந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி, இரவில் வாசலுக்குப் போகையில் பாட்டி விழுந்துவிட்டார். ஒவ்வொரு மருத்துவரும் தன் முன்னால் தெரிந்ததற்குச் சரியாகத்தான் மருந்து எழுதியிருந்தார். மொத்தப் பையையும் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இதற்கு நிர்வாகக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவ ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். ஜிப்மர் மத்திய அரசுடையது. ஒரு முதியவர் ஒரு நோய்க்காக இந்த நாலு வாசலையும் ஏறி இறங்கலாம். நாலு இடத்திலும் புதுச் சீட்டு, புது எண்.

எனவே முதல் வேலையாக ஒரு முழுத்தாள் எடுங்கள். அதில் அப்பாவின் நோய்கள், தொடங்கிய வருடம், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் மருந்துப் பெயர் (கம்பெனிப் பெயர் அல்ல), எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எடுத்த சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), பிரஷர் அளவு, உங்கள் போன் எண். நாட்டு மருந்தும், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் இதில் சேரும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் டைக்ளோஃபினாக் சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்ட முதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அது மருந்து இல்லைங்க, வலி மாத்திரைதான்" என்பார்கள். இந்தத் தாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று, மஞ்சப்பையில் ஒன்று, உங்கள் போனில் ஒன்று இருக்கட்டும்.

பிறகு, மொத்தப் பையையும் பார்க்கும் மருத்துவர் ஒருவரை முடிவு செய்யுங்கள். அவர் இதய நிபுணராகவோ நரம்பு நிபுணராகவோ இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவே இருக்கலாம். எந்த ஊரில் எந்த நிபுணர் எதை எழுதினாலும் அவரிடம் காட்டிய பிறகே பழையதை நிறுத்துவதும் புதியதைத் தொடங்குவதும் என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது. எழுபதைத் தாண்டியவருக்கு மாத்திரையைக் குறைப்பதும் சிகிச்சைதான். கிளிபென்கிளமைடு போன்ற பழைய சர்க்கரை மாத்திரை வயதானவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். தூக்க மாத்திரை விழ வைக்கும். அப்பா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. முதியவர்களுக்கு இது பெரிய வரம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல வீடுகளில் மாத்திரை கொண்டுவரும் அக்காவை மாத்திரை கொடுப்பவராக மட்டும் பார்க்கிறார்கள். அவரிடம் கால் மரமரப்பைச் சொல்லுங்கள். புதிதாக ஏதாவது மாத்திரை எழுதியிருந்தால் காட்டுங்கள். கிராம சுகாதார செவிலியர் வழியாக மருத்துவர் காதுக்கு விஷயம் போகும் குறுக்கு வழி அவர்தான்.

அடுத்து, எதற்கெல்லாம் பயணம் தேவையே இல்லை என்று பார்க்கலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவத்தில் பொதுமக்கள் நேரடியாகப் பேசும் வசதி 2020 ஏப்ரலில் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு வடிவம்: துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செவிலியரோ மருத்துவரோ பக்கத்தில் இருந்துகொண்டு, திரையில் நிபுணரிடம் பேசுவது. முதியவரைத் தனியாகப் போன் முன்னால் உட்கார வைத்தால் பாதி காதில் விழாது, மீதியைச் சொல்ல மறந்துவிடுவார். பக்கத்தில் செவிலியர் இருந்தால் பிரஷர் பார்த்துச் சொல்வார், காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று சொல்வார், நிபுணர் சொன்னதைத் திரும்ப விளக்குவார். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மருந்து அளவு மாற்றுவது, இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேட்பது, தோல் பிரச்சினை, தூக்கமின்மை, மனச்சோர்வு, மறதி பற்றிய முதல் ஆலோசனை, அறுவை சிகிச்சைக்குப் பிந்திய விசாரிப்பு, இவற்றில் பெரும்பகுதி திரையிலேயே முடியும். புதிதாக வந்த மூச்சுத் திணறல், வயிற்று வலி, விழுந்து அடிபட்டது, திடீர் குழப்பம், இவற்றுக்குத் திரை உதவாது. ஆளைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

கண் விஷயத்தில் நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அரவிந்த் நிறுவனம் நடத்தும் பார்வை மையங்களில் மருத்துவர் உட்கார்ந்திருப்பதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதித்து, விழித்திரையைப் படம் எடுத்து அனுப்புவார். பெரிய மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் படத்தைப் பார்த்து நோயாளியிடம் திரையில் பேசுவார். கண்ணாடி போதும் என்பவர்களுக்கு அங்கேயே முடிந்துவிடும். அறுவை சிகிச்சையோ லேசரோ தேவைப்படுபவர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போவார். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தவர். தவளக்குப்பத்து மருத்துவமனை 2003இல் வந்தது. உங்கள் அப்பாவுக்குப் புரையா, சர்க்கரையால் வந்த விழித்திரை பாதிப்பா என்று தெரிந்தாக வேண்டும். புரை காத்திருக்கும். விழித்திரை காத்திருக்காது, போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. சர்க்கரை உள்ளவர்கள், நன்றாகத் தெரிந்தாலும்கூட, வருடம் ஒருமுறை கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

இதே முறையை இதயத்துக்கும் காலுக்கும் தோலுக்கும் நினைவு மறதிக்கும் கொண்டுவர முடியும். கால் பரிசோதனைக்கு வேண்டியது ஒரு நைலான் இழை, அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் ஒரு டியூனிங் போர்க், ஐந்து நிமிடம். பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம். இழை தொடுவது தெரியவில்லை என்று சொல்பவர்களை மட்டும் நிபுணரிடம் அனுப்பினால் போதும். அதுவரை அப்பா வீட்டுக்குள்ளும் செருப்புப் போடட்டும். தினமும் பாதத்தின் அடியை அம்மா பார்க்கட்டும். வென்னீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்.

போய்த்தான் ஆக வேண்டும் என்ற பயணத்துக்கு வருவோம். ஜிப்மரில் வெளிநோயாளிப் பதிவு காலையிலேயே முடிந்துவிடும். ஞாயிறும் விடுமுறை நாட்களும் கிடையாது. உயர் சிறப்புப் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் பரிந்துரை வேண்டும். உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அந்தக் கடிதத்தில் "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்" என்ற ஒரு வரி இருந்தால் பயனில்லை. என்ன சந்தேகம், என்ன கேள்விக்கு விடை வேண்டும், இதுவரை என்ன கொடுத்தோம் என்று எழுதிக் கேளுங்கள். திரும்பும்போது அங்கிருந்தும் ஊர் மருத்துவருக்கு நாலு வரி எழுதி வாங்குங்கள். தயங்காமல் கேட்கலாம்.

முதியவரைக் கூட்டிப் போவதில் எழுதி வைக்கப்படாத ஆபத்துகள் உண்டு. பேருந்தில் சிறுநீர் கழிக்க வழியில்லை என்று முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். வரிசையில் நிற்கும்போது மயங்குவார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சாப்பிடாமல் கிளம்புவார்கள், ஆனால் பழக்கத்தில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிடுவார்கள். பதினொரு மணிக்குக் கை நடுங்கும், பேச்சு மாறும். இரத்தம் கொடுத்து, சாப்பிட்ட பிறகுதான் சர்க்கரை மாத்திரை என்பதைக் கிளம்பும்போதே சொல்லுங்கள். பையில் பிஸ்கட்டும் சர்க்கரையும் இருக்கட்டும். இரத்தப் பரிசோதனைகளைக் கூடியவரை ஊரிலேயே முடித்து, முடிவோடு போவது இன்னும் நல்லது.

செலவும் சேர்ந்ததுதான் இந்தத் தடை. முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. திட்டக்குடியிலிருந்து புதுச்சேரிக்குக் கார் வைத்துப் போய்வர அதைப்போல் பல மடங்கு ஆகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான். வெளிநோயாளியாகப் போய்வரும் பேருந்துக் காசும், துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலியும் இந்தக் காப்பீட்டில் வராது. ஏழை முதியவர் சிகிச்சையைப் பாதியில் விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அரசு யோசிக்க வேண்டியதும் இந்த இடத்தைத்தான் என்பேன்.

நிபுணர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டீர்கள். ஊர் பிடிக்காமல் மட்டும் அல்ல. அறுவை மருத்துவரைத் தாலுகா மருத்துவமனையில் போட்டு மயக்க மருத்துவரைப் போடாவிட்டால் அவர் அங்கே சும்மாதான் உட்கார வேண்டும். இதய மருத்துவரைப் போட்டு, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ கருவி தராவிட்டாலும் அப்படியே. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிராமத்தில் வேலை பார்த்தவர்கள் நிபுணராகி அரசுக்கே திரும்பும் வழி அது. தமிழ்நாட்டுக்கு அது மிக முக்கியம். அப்படித் திரும்புகிறவர்களைத் தாலுகா மருத்துவமனையில் குழுவாக நியமித்தால்தான் முழுப் பலன்.

அதுவரைக்கும் நடக்கக்கூடியது குறித்த நாள் வருகை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் திட்டக்குடிக்கு இதய மருத்துவர், நாலாம் செவ்வாய் நரம்பு மருத்துவர் என்று மாறாத நாள் ஒன்று வேண்டும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் 17 துறை மருத்துவர்கள் ஒரே இடத்துக்கு வந்தார்கள்; எக்கோ முதல் இரத்தப் பரிசோதனை வரை ஒரே நாளில். அந்த மாதிரி முகாம் உங்கள் பக்கம் நடந்தால் அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் முகாம் நோயைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த நோயை முப்பது வருடம் பார்த்துக்கொள்ள அதே மருத்துவர் அதே நாளில் திரும்ப வர வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் குறித்த நாள் வருகைக்கே கொடுப்பேன்.

முதியோர் மருத்துவம் என்று ஒரு தனித் துறை இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்தியாவில் அதற்கு வழிகாட்டியதே சென்னை மருத்துவக் கல்லூரிதான், டாக்டர் வி. எஸ். நடராசன் அங்கே அதை வளர்த்தெடுத்தவர். 2024இல் சென்னை கிண்டியில் முதியோருக்கான தேசிய மையம் திறந்தார்கள். இங்கிருந்து ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மருத்துவருக்கும் ஒரு செவிலியருக்கும் முதியோர் மருத்துவத்தில் சில வாரப் பயிற்சி கொடுத்தால், மஞ்சப்பையைக் கொட்டிப் பார்க்கும் ஆள் வட்டாரத்துக்கு ஒருவர் கிடைப்பார்.

இதையெல்லாம் கேட்க உங்களுக்குச் சட்டமும் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 என்றால் பிள்ளைகள் சோறு போட வேண்டும் என்ற சட்டம் என்றுதான் தெரியும். அதன் 20ஆம் பிரிவைப் படியுங்கள். அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை, கூடியவரை படுக்கை, நாட்பட்ட நோய்களுக்கு விரிவான சிகிச்சை, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் மருத்துவ அனுபவம் உள்ள மருத்துவரின் பொறுப்பில் தனி வசதி, இவற்றை மாநில அரசு செய்ய வேண்டும் என்கிறது.

அடுத்த கிராம சபைக்கு ஊருக்கு வரும்படி திட்டமிடுங்கள். "சிறப்பு மருத்துவர் வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது கோப்பில் தூங்கும். தாலுகா மருத்துவமனைக்கு மாதம் ஒரு குறித்த நாள் இதய மருத்துவர். அந்த நாளில் உங்கள் ஊர்ப் பேருந்து எட்டு மணிக்குள் திட்டக்குடி சேரும்படி நேர மாற்றம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு பிற்பகல் முதியோருக்கான இ-சஞ்சீவனி நேரம். இப்படித் தனித்தனியாக, யார் செய்ய வேண்டும் என்பதோடு எழுதுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். பேருந்து நேரத்தைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும் தனியாகக் கேளுங்கள். மூன்றில் முதலில் நடக்க வாய்ப்புள்ளது அதுதான்.